திங்கள் ராத்திரி யாருது?

எங்க அண்ணி அமுதவல்லிக்கு நாப்பத்திரண்டு வயசுல நிருபர் ஆகணும்னு ஆசை வந்துச்சு. காலையில எறா வித்துட்டு, மத்தியானம் பஸ் ஏறி மீஞ்சூர் போவாங்க. அங்க ஒரு வாரப் பத்திரிகை. ஆசிரியர் விஜயராகவன் அண்ணியைவிடப் பத்து வயசு சின்னவர். யாரு, இன்னா, எங்க, எப்போ, ஏன், எப்படி, இந்த ஆறுக்கும் பதில் இல்லாட்டி சேதியே இல்லன்னு சொல்லிக் குடுத்தார். அவ்ளோதான், வீட்ல வாயைத் தொறக்க முடியல. "தலைவலிக்குது அண்ணி"ன்னா, "எப்போலேர்ந்து? ஏன்?"னு நோட்டை எடுத்துடுவாங்க.

எங்க ஏரியில நெனச்ச நாள்ல வலை போட முடியாது. ஊருக்கு ஊர் முறை உண்டு, அதுக்குப் பேரு பாடு. எங்க நாள் பொழுது சாயும்போது பொறக்கும். திங்கக்கெழமை பொழுது சாஞ்சா எங்களுக்கு அது செவ்வாய்.

அந்த வாரம் செவ்வாய்ப் பாடு எங்க ஊருது. பொழுது சாய நான் போட்ட வலையில எறா அள்ளிக்கினு வந்துச்சு. அண்ணி அதை சேதியா எழுதுனாங்க. மொதல்ல 'செவ்வாய்'னுதான் எழுதுனாங்க. காலண்டர்படி எழுதணும்னு ஆசிரியர் சொன்னது ஞாபகம் வந்து, அடிச்சுட்டு 'திங்கட்கிழமை இரவு'ன்னு மாத்திட்டாங்க. நல்லா படிச்சாங்க பாடம்!

"சம்பந்தம் வலையில் இறால் மழை"ன்னு என் பேரைப் போட்டுத் தலைப்பு. கீழ வெறும் 'நமது நிருபர்'. தன் பேரை அச்சுல பாக்க ஏங்கிக் கெடந்த அண்ணிக்கு மொகம் தொங்கிப் போச்சு. எனக்கு அதைவிடப் பெரிய இடி. ஏரிக்காரன் கணக்குல திங்கள் இரவுன்னா ஞாயித்துக்கெழமை பொழுது சாஞ்ச ராத்திரி. அது எதிர்க்கரை ஊர்ப் பாடு.

"எங்க பாட்டைத் திருடிட்டான், பேப்பர்லயே போட்டிருக்கு!"ன்னு எதிர்க்கரைக்காரங்க வந்துட்டாங்க. விசாரிச்சு முடியறவரைக்கும் நீ வலை நனைக்கக் கூடாதுன்னு எங்க பெரியவங்க சொல்லிட்டாங்க. எறா சீசன்ல! "ஆறு கேள்வி கேட்டு என் வயித்துல மண்ணை அள்ளிப் போட்டீங்களே"ன்னு அண்ணிகிட்ட கத்திட்டேன்.

அண்ணி மறுநாள் நோட்டோட எதிர்க்கரை போனாங்க. திங்கள் பாடு அன்னிக்கு வலை போட்டிருந்தவரு ஆதிநாராயணன். பொண்ணு பிரசவத்துக்குப் பொன்னேரி போயிருந்தவரு அப்பத்தான் வந்திருந்தாரு.

"அண்ணா, உங்க வலையை எப்போ எடுத்தீங்க?"

"திங்கக்கெழமை பொழுது சாய. நான் கரையேறும்போது சம்பந்தம் எதிர்ல வந்தானே."

"அப்ப அவர் உங்க முறையில வலை போடல?"

"எங்க போட்டான்? ஞாயித்துக்கெழமை பொழுது சாஞ்சதுலேர்ந்து ராத்திரி பூரா ஏரியில நான்தானே இருந்தேன். இதை யாரும் என்னைக் கேக்கலையேம்மா."

"எழுதுறதுக்கு முன்னாடி நானும் கேக்கலண்ணா"ன்னாங்க அண்ணி. அவரை ரெண்டு ஊர்ப் பெரியவங்க முன்னாடியும் அதையே சொல்ல வெச்சாங்க. என் தடை போச்சு.

அப்புறமும் அண்ணி வுடல. பேப்பர்ல போன மானம் பேப்பர்லயே திரும்பணும்னு மீஞ்சூருக்குக் கெளம்பிட்டாங்க. "வருந்துகிறோம்னு போட்டா போதும்மா, பேர் போடறது வழக்கமில்ல"ன்னாராம் ஆசிரியர். "தப்பு பண்ணது நாம இல்ல சார், நான்"னாங்களாம் அண்ணி.

அந்த வாரம், அதே பக்கத்துல, அதே எடத்துல வந்துச்சு: 'சம்பந்தம் வலை போட்டது தன் ஊரின் பாடு நாளில்தான். நாளைத் தவறாக எழுதியவர்: அமுதவல்லி.'

அண்ணி பேர் அச்சுல வந்தது அதான் மொத தடவை. கரையில எல்லாருக்கும் நான்தான் சத்தமா படிச்சுக் காட்டினேன். கடைசி வார்த்தையை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன்.