ஒரு நூல் தூக்கு

தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குமிழி நடுக்கோட்டை விட்டு மயிரிழை ஒதுங்கி நிற்கிறது. "இந்தக் கால் ஒரு நூல் எறங்கியிருக்கு," என்கிறார், யாரையோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குரலில். ஆளுயர இரும்பு அலமாரியின் அடியில் கையை விட்டு, காலில் இருக்கும் மரையை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் திருப்புகிறார். குமிழி நடுவுக்கு நகர்கிறது. அவர் முகம் மலர்கிறது.

அந்த அலமாரிக்கு ரேக் என்று பெயர். ஒரு பேருந்து முன்பதிவு நிறுவனத்தின் சர்வர் அறையில் இப்படி நாலு ரேக் நிற்கின்றன. தட்டையான சர்வர் பெட்டிகளை அவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவது, தூசி எடுப்பது, மூச்சு வாங்கும் மின்விசிறிகளை மாற்றுவது எல்லாம் இவர் பொறுப்பு. சட்டைப் பையில் மற்றவர்களுக்குப் பேனா இருக்கும் இடத்தில் இவருக்குக் குட்டி ரசமட்டம் இருக்கும். அலுவலகத்தில் பெயரே அதுதான். போனில் யாரென்று கேட்டால் அவரும், "ரசமட்டந்தான் பேசுறேன், சொல்லுங்க," என்பார்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. சுவரில் மாட்டிய படம் சாய்ந்திருந்தால் சாப்பாடு இறங்காது. "போன இடத்துல ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க," என்று மனைவி வாசலிலேயே சொல்லித்தான் கூட்டிப்போவாள். உட்காருவார். காப்பி வந்ததும், வீட்டுக்காரம்மாள் சர்க்கரை எடுக்க உள்ளே போகும் நேரத்துக்குள் படம் நேராகியிருக்கும்.

ரேக்கை அவர் அடுக்குமாடிக் குடியிருப்பாகத்தான் பார்க்கிறார். கனத்த பேட்டரிப் பெட்டி தரைத்தளத்தில். "கனமான ஆளை மாடியில குடிவச்சா கட்டடமே குப்புற விழும்." நடுவில் பெட்டி இல்லாத இடங்களைத் தகடு போட்டு மூடிவிடுவார். "காலி வீட்டுக்குக் கதவைச் சாத்தணும். இல்லைன்னா குளிர் காத்து அந்த வழியா ஓடிப்போயிடும், குடியிருக்கிறவனுக்கு வேர்க்கும்." பின்பக்கம் தொங்கும் கேபிள்களை, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி சிக்கெடுத்து, பிரித்து, பட்டையால் கட்டுவார். எதையும் இறுக்க மாட்டார். "இழுத்துக் கட்டினா அதுக்கும் தலைவலி வரும்."

அறையில் விசிறிகளின் இரைச்சல் ஓய்வதில்லை. அதனால் அங்கே கத்தித்தான் பேச வேண்டும். அந்தக் குரலை வீட்டுக்கும் கொண்டுபோய்விடுகிறார். "உப்பு எங்க?" என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு ஜாடி திறக்கும் என்பாள் மனைவி. "நான் என்ன அடுத்த ஊர்லயா இருக்கேன்?"

இந்த அறையில் இன்னொருவர் உண்டு: மனைவியின் தங்கை. கேபிள் இணைப்பதும் மென்பொருள் ஏற்றுவதும் அவள் வேலை. கொழுந்தியாளுக்கு இவர் வேலை வாங்கிக் கொடுத்தார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். முதலில் சேர்ந்தவள் அவள். அத்தனை காலம் எலக்ட்ரிக் கடையில் விசிறி விற்றுக்கொண்டிருந்த இவரைக் கூட்டிவந்தவளும் அவளே. இருவருமாகத்தான் பெட்டிகளைத் தூக்குவார்கள். வலது பக்கம் அவர், இடது பக்கம் அவள்.

போன மாதம் நிறுவனம் வேறொரு ஊரில் கிளை திறந்தது. அங்கே சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டார்கள். அவளுக்குக் கொள்ளை ஆசை. மேலாளர் மேடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: இங்கே அவள் இல்லாமல் சமாளிக்க முடியும் என்று ரசமட்டம் தன் வாயால் சொல்ல வேண்டும். அந்த வாய் திறக்கவில்லை. அவள் பேச்செடுக்கும்போதெல்லாம், "அப்புறம் பேசலாம்மா," என்று குமிழியைப் பார்க்க எழுந்துபோய்விடுவார்.

பதில் சொல்ல வேண்டிய கடைசி நாள் அன்று ஒரே மாதிரி இரண்டு புதுப் பெட்டிகள் வந்து இறங்கின. டிஸ்க்குகளையெல்லாம் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, முதல் பெட்டியை இருவரும் நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, ரேக்குக்குள் பக்கத்துக்கு ஒன்றாக மாட்டியிருந்த ரயில் என்னும் இரும்புச் சட்டங்களில் நுழைத்தார்கள். ஒரு சாண் போனது. அதற்குமேல் போகவில்லை.

"தள்ளும்மா."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். நட்டுக்கிட்டு நிக்குது."

"ஒரு நூல் தூக்கு."

"தூக்கியாச்சு மாமா. இதுக்கு மேல தூக்கினா நான்தான் மேல போவேன்."

பின்னால் இழுத்தார்கள். ரயிலின் பூட்டு நாக்கு இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டிருந்தது. அதை அழுத்தி விடுவிக்க ஒரு கை வேண்டும். இருந்த நான்கு கைகளும் பெட்டிக்கு அடியில் இருந்தன. விட்டால் ரயில் வளையும், பெட்டி தரைக்குப் போகும்.

அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். இடது ரயில் பின்பக்கத்தில் ஒரு துளை மேலே ஏறி மாட்டியிருந்தது. மாட்டியவர் அவரேதான். முன்பக்கத்தை மட்டம் பார்த்த மகிழ்ச்சியில் பின்பக்கம் போகவே இல்லை.

"யாரு மாட்டினது?" என்றாள் அவள், தெரியாதவள் மாதிரி.

"இப்ப அதுவா முக்கியம்?"

"அப்ப யாராவது வர்ற வரைக்கும் இப்படியே நிக்கணும்."

"நிக்கணும்."

"நல்லதாப் போச்சு. புது ஊர் விஷயத்தைப் பேசலாமா?"

"அப்புறம் பேசலாம்மா."

"எங்க எந்திரிச்சுப் போறீங்கன்னு பாக்குறேன்."

அவர் பக்கவாட்டில் பார்த்தார். அவள் கன்னம் பெட்டியின் ஓரத்தில் அழுந்தியிருந்தது. அந்த நிலையிலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கை ரெண்டும் அடைபட்டவன்கிட்ட பேசுற பேச்சா இது?"

"கை காலியா இருந்தா எங்க உக்கார்றீங்க நீங்க?"

"அங்க போய் தனியா என்னம்மா பண்ணுவ?"

"இங்க பண்றதைத்தான். அங்க ரயிலோட பின்பக்கத்தையும் பார்த்து மாட்டுவேன்."

"உங்கக்கா என்னையத்தான் வறுத்தெடுப்பா."

"அக்கா அப்பவே சரின்னுட்டா. நீங்களா வந்து கேப்பீங்கன்னு இருக்கா. நீங்க எங்க கேட்டீங்க?"

அவருக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது. விசிறிகள் இரைந்தன. ஊருக்கே கேட்கும் குரல்காரர், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் சொன்னார்: "பிறகு யாரு இந்தப் பக்கத்தைப் பிடிப்பா?"

"என்ன மாமா? காதுல விழல."

"ஒண்ணுமில்லை. காலை நல்லா ஊனி நில்லு."

அவர் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடிப்பதற்குப் பதில் கண்ணாடிக் கதவு திறந்து மேலாளர் மேடமே வந்துவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிற மாதிரி பேசுபவர் அவர்.

"போன் எடுக்க மாட்டீங்களா?"

"எடுக்க ஆசைதான் மேடம். அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு கொஞ்சம் பின்பக்கம் போறீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேடம் கைப்பையை மேஜையில் வைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கேபிள்களை விலக்கி ரேக்குக்குப் பின்னால் நுழைந்தார். அவர் குரல் மட்டும் அங்கிருந்து வந்தது.

"எந்தத் திருகு?"

"ரயில் முடியுற எடத்துல இருக்கும் மேடம். கழட்டி, ஒரு துளை கீழ எறக்கி மாட்டிடுங்க."

"கழற்றுகிறேன். சாயங்காலத்துக்குள்ள தலைமை அலுவலகத்துக்குப் பதில் அனுப்பணும். இவங்களை அனுப்பலாமா, வேண்டாமா? நீங்க இன்னும் சொல்லலை."

கொழுந்தியாள் இப்போது சிரிக்கவில்லை. பெட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அனுப்புங்க மேடம்," என்றார் அவர். "நான் சமாளிச்சுக்குறேன். திருகைக் கீழ விட்டுடாதீங்க."

சற்று நேரத்தில் இடது ரயில் ஒரு துளை இறங்கி உட்கார்ந்தது. இருவரும் தள்ளினார்கள். பெட்டி, வெண்ணெயில் கத்தி போன மாதிரி வழுக்கிப்போய் டக்கென்று பூட்டிக்கொண்டது. மேடம் தலையில் ஒட்டியிருந்த தூசியோடு வெளியே வந்து, செருப்பை மாட்டி, "நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொழுந்தியாள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டாள். சிவந்து, விளிம்பு பதிந்த கோடு தெரிந்தது.

"கை வலி தாங்காமத்தானே சொன்னீங்க?"

"போய்த் தண்ணி குடிச்சிட்டு வா. இன்னொரு பெட்டி இருக்கு."

"பேச்சை மாத்தாதீங்க மாமா."

"போம்மா."

அவள் போனாள். அவர் முதலில் ரேக்கின் பின்பக்கம் போய், அடுத்த இரண்டு ரயில்களையும் விரலால் துளை துளையாகத் தடவிச் சரிபார்த்தார். பிறகு தரையில் கிடந்த இரண்டாவது பெட்டியிடம் வந்தார். ஒருவேளை ஒற்றை ஆளாக முடியுமோ என்று வலது பக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அது சுலபமாகவே எழும்பியது. இறக்கி வைத்துவிட்டு, சுற்றிப்போய் இடது பக்கத்தில் கைகொடுத்தார். எழும்பவில்லை. காலை அகட்டி, பல்லைக் கடித்துத் தூக்கியதும்தான் அசைந்தது. குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தார். மின்சாரம் கொடுக்கும் கனத்த பவர் சப்ளை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இடது மூலையில் உட்கார்ந்திருந்தன. இதற்கு முன் ஏற்றிய பெட்டிகளிலும் அவை அங்கேதான் இருந்தன.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, இடது பக்கத்தில் அவர் குனிந்து, பெட்டிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.