மேலே சுற்றிய பட்டு

பிள்ளைகளா, அப்பா பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் என்னதான் எழுதுகிறார் என்று சிநேகிதர்கள் கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். உடுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் பக்கத்துச் சனங்கள் எந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்று வீடு வீடாகப் போய், பழைய போட்டோக்களைப் பார்த்து, கேட்டு எழுதுவது. பத்தாவது முடித்து அச்சகத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தவன் இதற்குள் வந்ததற்கு ஒரே ஒரு போட்டோதான் காரணம்.

முன்னறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, என் அம்மா படம், அதுதான். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். முகமே அந்தப் படத்தில் பார்த்ததுதான். கறுப்பு வெள்ளை. கரை முழுக்க மாங்காய் போட்ட பட்டுச் சேலை. அது என்ன நிறம் என்று தெரிந்துவிட்டால் அம்மாவைக் கொஞ்சம் பார்த்த மாதிரி ஆகும் என்று சின்ன வயதில் தோன்றியது. அந்த எண்ணம் போகவேயில்லை. சேலை வீட்டில் எங்கும் இல்லை. படத்தை செல்போனில் எடுத்து வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் காட்டினேன். ஒரு ஜவுளிக்கடைக்காரர் பச்சை என்றார். இன்னொருவர் மயில் கழுத்து நிறம் என்றார்.

போன மாதம் ஜாக்கெட் கைகளைப் பற்றி எழுத வத்தலக்குண்டு போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில், அம்மா இருந்திருந்தால் அவள் வயதிருக்கும் ஓர் அம்மா, முறுக்கு டின்னிலிருந்து போட்டோக்களை எடுத்துப் போட்டார். அவருடைய இளவயதுப் படம் ஒன்றில் அதே சேலை. அதே மாங்காய்க் கரை. தோளுக்குக் கீழே, அம்மா படத்தில் இருப்பது போலவே, இழுத்துத் தைத்த ஒரு கிழிசல்.

செல்போனைக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது ஸ்டூடியோக்காரர் சேலை தம்பி. ஆணியில தொங்கும். போட்டோ எடுக்கப் போற அம்புட்டுப் பொம்பளைகளுக்கும் அந்த ஒரு பட்டுதான்."

என்ன நிறம் என்று கேட்டேன். அரக்கில் மஞ்சள் கரை என்று யோசிக்காமல் சொன்னார். இத்தனை வருஷம் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் அது அம்மாவுடையது இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, தன் படத்தில் கால் பக்கம் விரலை வைத்தார்.

"உடுத்தின சேலைய அங்க அவுக்க முடியுமா? அதுக்கு மேலதான் பட்டச் சுத்திவிடுவாரு. இந்தா பாருங்க, அடியில எட்டிப் பாக்குது, என் சேலை."

அம்மா படத்தில் அப்படி எதுவும் இல்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சட்டத்துக்குள் படத்தின் ஓரங்களை மறைத்து வைத்திருக்கிற அட்டை நினைவுக்கு வந்தது. வீடு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய்ப் படத்தை ஆணியிலிருந்து இறக்கினேன். அட்டையை எடுத்ததும், அது மறைத்திருந்த கால் பக்கம் தெரிந்தது. பட்டுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் கட்டம் போட்ட நூல் சேலை. ஓரத்தில் சேறு தெறித்திருக்கிறது. காட்டு வேலையிலிருந்து நேராகப் போயிருப்பாள் போல.

படத்தை அட்டை இல்லாமல்தான் திரும்ப மாட்டியிருக்கிறேன். வரும்போது கீழே பாருங்கள். அந்தக் கட்டம் என்ன நிறம் என்று யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.