இரண்டு வீட்டு மாத்திரை

என் கணவரின் அப்பா நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் போனவர். அதனால் கணவருக்கும் கொழுப்பு கூடுதல் என்று பரிசோதனையில் வந்தபோது, அவரைவிட நான்தான் பயந்தேன். கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டருகே உள்ள சுகாதார நிலையத்தில் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நான் பிரசவத்துக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்தபோது, என் அப்பா அவரைத் தன் டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே எழுதியது ரோசுவாஸ்டாட்டின்.

குழந்தையோடு திரும்பி வந்த பின், இரண்டில் எது நல்லது என்ற யோசனை என்னை விடவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு, போனில் படித்ததையெல்லாம் எழுதினேன். இரண்டுக்குமே தசைவலி வரலாம் என்று இருந்தது. அவர் ஒரு மாதமாகத் தொடையைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுகிறார். வயல் வேலை அலுப்பு என்று விட்டிருந்தோம்.

"ஏனுங்க, இப்ப எந்த மாத்திரைங்க சாப்படறீங்க?"

"ரெண்டுந்தான். காத்தால உங்கப்பா வாங்கிக் குடுத்தது, ராத்திரி இங்கத்தது."

"முன்னாடியே ஒண்ணு சாப்படறது அங்க சொல்லலீங்களா?"

"மாமா டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் கூட உக்காந்திருந்தாரு. எப்படிச் சொல்றது?"

மாமனார் பேச்சுக்கு மறுபேச்சில்லாத மாப்பிள்ளை என்று எங்கள் பக்கத்தில் அவருக்கு நல்ல பெயர். பழைய சீட்டை நானாவது எடுத்துப் போகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாளே இரண்டு மாத்திரை அட்டைகளோடும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். இரண்டும் ஒரே வகை மருந்து, சேர்த்துப் போடக் கூடாது என்றார் டாக்டர். இரண்டையும் நிறுத்தச் சொல்லி, தசைக்கும் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் எடுக்கவைத்தார். முடிவு வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. வலி போனதும் ஒன்றை மட்டும் தொடங்கலாம், இரண்டில் எதுவானாலும் ஒழுங்காகப் போடுவதுதான் முக்கியம் என்றார். என் அட்டவணையை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

அப்பாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் போனில் சிரித்தார்.

"ஏஞ்சாமி, இன்னொரு கரண்டி சோறு போட்டா மட்டும் மாப்பிள்ளைக்கு வேண்டாம்னு கை நீட்டத் தெரியுதே?"

மூன்றாவது வாரம், காயப்போட்ட குழந்தைத் துணிகளை எடுக்க அவர் மாடிக்குப் போனார். கீழே நின்று பார்த்தேன். கை தொடைக்குப் போகவே இல்லை.

இப்போது சுகாதார நிலையத்து மாத்திரை மட்டும்தான். ஆனாலும் தினமும் கேட்கிறேன், "ஒண்ணுதானுங்களே?" அவர் ஒற்றை விரலைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்.