மேற்குக் கோட்டைக்குப் போகும் படை

மேற்குக் கோட்டையைக் காலி செய்துவிட்டு மச்சினனின் படை மறுபடியும் வெளியே ஓடியது. கணினித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவன் ஆட்டப் பதிவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, இன்னொரு முறை பார்த்தான். சந்தேகமே இல்லை. தானியக் கையிருப்பு குறைந்தால் போதும், கோட்டை வாசலைத் திறந்துபோட்டுவிட்டு மொத்தப் படையும் வயலைக் காக்க ஓடுகிறது.

"மாட்டுனான்" என்றான்.

"யாரு?" மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிதான்."

தம்பி பல் டாக்டர். நிரல் எழுதப் போன வருடம்தான் கற்றுக்கொண்டான், அதுவும் நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில். கோட்டைப் போட்டி என்ற கணினி ஆட்டத்தில் அவனுடைய பாட், அதாவது தானாக ஆடும் நிரல், மூன்றாம் இடத்தில் இருந்தது. ஆட்கள் ஆடுவதில்லை, ஆட்கள் எழுதிய நிரல்கள்தான் மோதிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிவிட்டால் எழுதியவரே கைவைக்க முடியாது. தண்ணீர் பில் போடும் மென்பொருளை எழுதியே தலை நரைத்த இவனுடைய பாட் ஐந்தாவது. இறுதிச்சுற்றுக்கு முதல் நால்வர்தான் போவார்கள்.

ஐந்தாம் இடம்கூட அவனை உறுத்தவில்லை. "என் பையன் பொழுதுபோக்கா செஞ்சதே இப்படி" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்வதும், உடனே இவன் பக்கம் திரும்பி, "நீங்களும் இதே வேலைதானே மாப்ள?" என்று கேட்பதும்தான் உறுத்தின. மச்சினன் நல்லவனாக இருந்தது அதைவிடத் தொந்தரவு. வெறுக்க ஒரு பிடி கிடைக்கவில்லை.

கடைசி நாள் ஆட்டங்களுக்கு முன்னும் இறுதிச்சுற்றுக்கு முன்னும் நிரலைத் திருத்திக்கொள்ளலாம். அவனுடைய பாட் நிதானமானது. எதிரி யாரானாலும் கொஞ்சம் காக்கும், கொஞ்சம் தாக்கும். சும்மா விட்டிருந்தாலே நான்காம் இடத்துக்கு ஊர்ந்து ஏறியிருக்கும். அந்த நிதானத்தை வேரோடு பிடுங்கினான். முதலில் எதிரியின் வயல்களை எரி. பிறகு படை முழுவதையும் எதிரியின் மேற்குக் கோட்டைக்கு அனுப்பு. சொந்த வாசலில் ஒரு காவலாள்கூட வேண்டாம். மச்சினனின் நிரலைப் போலவே நடக்கும் நகல் ஒன்றை எழுதி, அதனோடு மோதவிட்டான். ஒவ்வொரு முறையும் ஜெயித்தது.

"மத்தவங்களோட விட்டுப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

"மத்தவங்க கிடக்கட்டும்."

"நாலு பேர்ல ஒருத்தரா வரணும்னுதானே இத்தனை நாள் உக்காந்தீங்க?"

அவன் இன்னொரு முறை நகலோடு மோதவிட்டான்.

சனிக்கிழமை மதியம் மாமியார் வீட்டு டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். முதல் ஆட்டமே மச்சினனோடு. வயல்கள் எரிந்தன. மச்சினனின் படை கோட்டையை விட்டு ஓடியது. அவன் படை உள்ளே புகுந்து கொடியைப் பிடுங்கியது. டீ ஆறுவதற்குள் முடிந்துபோனது.

"பின்னிட்டீங்க மாமா" என்று மச்சினன் எழுந்துவந்து கையைக் குலுக்கினான். மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். அந்த மௌனம் அவனுக்கு இனித்தது.

அடுத்த ஆட்டம் முகம் தெரியாத யாரோ ஒருவரின் நிரலோடு. வயல்கள் எரிந்தன. எதிரி அசையவில்லை. அவனுடைய மொத்தப் படையும் மேற்குக் கோட்டைச் சுவரில் போய் முட்டிச் செத்தது. காவலில்லாத அவன் வாசலில் எதிரியின் ஆள் ஒருவன் நடந்தே வந்து கொடியை எடுத்துப் போனான். அதற்கடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"ஏன் மாப்ள, உங்க ஆளுங்க அந்தப் பக்கமே போறாங்களே, எதையாவது தொலைச்சிட்டாங்களா?" என்றார் மாமியார்.

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த மச்சினன் மெல்லச் சிரிப்பை நிறுத்தினான்.

"மாமா, இது எனக்குன்னே எழுதுனதா?"

"சும்மா, ஒரு சோதனைக்கு."

"என் ஆட்டத்தையெல்லாம் உக்காந்து பாத்தீங்களா?"

மச்சினன் முகத்தில் அவன் கோபத்தைத் தேடினான். கொஞ்சமாவது இருந்திருந்தால் தேவலை. மச்சினன் அம்மாவிடம் திரும்பினான்.

"மாமா என்னை ஜெயிக்கணும்னே வாரக்கணக்கா உழைச்சிருக்காரும்மா. யாரும் என்னை இவ்வளவு பெரிய ஆளா நினைச்சதில்ல."

"அப்படியா மாப்ள?" மாமியார் முதல்முறையாக அவனைப் பரிவோடு பார்த்தார். இனி வருகிறவர்களிடம் இதையும் சொல்வார்.

"அந்தத் தானிய விஷயம் நல்ல ஓட்டை மாமா. நாளைக்குள்ள அடைச்சிடுறேன்" என்று மச்சினன் மடிக்கணினியைத் திறந்தான். "எந்த அளவுக்குக் கீழ போனா வெளிய ஓடுது, சொல்லுங்க."

அவன் சொன்னான். சொல்லாமலிருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மாலையில் பட்டியல் வந்தபோது மச்சினன் இறுதிச்சுற்றில் இருந்தான். இவன் ஒன்பதாவது.

மறுநாள் ஞாயிறு. இறுதிச்சுற்று காலையில் நடந்தது. மச்சினன் இரண்டாவதாக வந்தான். மனைவி மட்டும் அதைப் பார்க்க அம்மா வீட்டுக்குப் போய் மாலையில் திரும்பினாள். அவன் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினான். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். எழுந்து, அலுவலகத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு மாட்டினான்.