மிஸ்ட்ரிக்கு அர்த்தம்

கமலத்தின் கணவர் குணசேகரன் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காணாமல் போய் ஏழு வருஷமாகிறது. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் பாய்ந்த மழைக்காலம். தேடியும் உடல் கிடைக்கவில்லை. இங்கிலீஷ் பேப்பரில் ‘மிஸ்ட்ரி’ என்று போட்டார்கள். அவர் வேலை பார்த்த ஆவடி தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் வாய்கள் சும்மா இருக்குமா? காசியில் அவரைப் பார்த்ததாக ஒருத்தி சத்தியமே செய்தாள். கமலம் அதை நம்பினாள், பாவம். நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை. அம்பத்தூரில் வாடகை வீட்டுக்கு மாறி வந்த பிறகும், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்கு லட்சுமணன் வருவான். குணசேகரனோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவன். மெஷினுக்குப் படைத்த பொரியில் அவருடைய பங்கைக் கொண்டுவந்து வைப்பான், காப்பியைக் குடிப்பான், குனிந்த தலை நிமிராமல் போய்விடுவான். கமலமும் ஒன்றும் கேட்கமாட்டாள். பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரர்களைக் கட்டிக்கொண்ட பெண்களுக்கு அதுதான் முதல் பாடம்: உள்ளே நடப்பதைக் கேட்காதே. அப்படியே பழகிவிட்டவளுக்கு, ஏரியில் நடந்ததையும் கேட்கத் தோன்றவில்லை.

இந்த வருஷம் பூஜைக்கு முதல் நாள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் லாவண்யா அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்தாள். மிஸ்ட்ரி என்றால் விளங்காத புதிர். கிரேக்கத்திலிருந்து வந்ததாம். ‘மூடிக்கொள்வது’ என்பதுதான் வேராம். ரகசியச் சடங்குக்குப் போனவர்கள், அங்கே பார்த்ததை வெளியில் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார்களாம்.

கமலம் மகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். யாருக்குமே தெரியாத விஷயம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தாள்? தெரிந்த ஒருவன் வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்கிறதே இந்தச் சொல். அவளுக்குப் பயமாக இருந்தது. யார் அந்த ஒருவன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் லட்சுமணன் பொரிப் பொட்டலத்தை வைத்தான். அவள் காப்பி கலக்கப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு ஏரில நீயும் கூட இருந்தியா தம்பி?”

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“கால் வழுக்கி உள்ள பூட்டாரு அண்ணி. என் பேரச் சொல்லித்தான் கூப்ட்டாரு. எனுக்கு நீச்சல் தெரியாது. பயந்து ஓடிட்டேன். உங்க பொட்டப் பாத்தா, சொல்ல வாய் வர்ல.”

கமலம் அவனைத் திட்டவில்லை. அழவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எழுந்துரு. எந்த எடம்னு காட்டு. இத்தினி வருசமா அவரு அங்க தனியா கீறாரு.”