மூர்த்தி சொல்லாமல் விட்ட ஒரு விலை

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. ஆவடி மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் ஓய்வுபெற்றோர் குழுவில், காலை வணக்கம் சொல்லும் இரண்டு ரோஜாப் படங்களுக்கு நடுவில், 'இன்ஸ்பெக்‌ஷன் ஞானமூர்த்தி தவறிட்டார், மூணு மணிக்கு எடுக்கிறாங்க' என்று ஒரு வரி. அதற்குக் கீழே யாரோ கும்பிடும் கை போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே மூன்றாவது ரோஜா. காய்க்காரம்மா "இன்னா சார், வாணாவா?" என்றாள். பொறுக்கிய காயை அவள் கூடையிலேயே திரும்பப் போட்டேன். முந்தின நாள் சாயங்காலம்தான் மூர்த்தி போனில் அரை மணி நேரம் என்னைத் திட்டியிருந்தான். சர்க்கரை மாத்திரையை நான் ஒழுங்காகப் போடுவதில்லை என்பது அவன் புகார்.

அஞ்சலி எழுதும்போது 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. ஒரே வயது, ஒரே பிரிவு, முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் என்றே எழுதுகிறேன், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்சாலையில் அவன் வேலை பீரங்கிக் குழல்களுக்குள் வெளிச்சம் அடித்து, உள்ளே கீறல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று பார்ப்பது. ஓய்வுபெற்ற பிறகும் அந்த வேலை அவனை விடவில்லை. நம் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பங்கள் சிலவற்றில், வேட்டைக்குத் தடை வருவதற்கு முன் வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் பீரோவுக்குப் பின்னால் இருக்கின்றன. லைசென்ஸைப் புதுப்பிக்க அலைந்து சலித்துப்போனவர்கள் அதை விற்க நினைப்பார்கள். லைசென்ஸ் உள்ளவனுக்கோ லைசென்ஸ் உள்ள கடைக்கோதான் விற்க முடியும் என்பதால், கடைக்காரன் வைத்ததுதான் விலை. அவனை நம்பாதவர்கள் மூர்த்தியைக் கூப்பிடுவார்கள். அவன் தன் பேனா டார்ச்சைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பான். வெட்டியாக உட்கார்ந்திருக்கும் நானும் பின்னால் ஏறிக்கொள்வேன். காசு வாங்க மாட்டான். காபி கொடுத்தால் குடிப்பான்.

மண்ணூர்பேட்டையில் இரண்டு அண்ணன் தம்பிகள் வீட்டுக்குப் போனதை மறக்க முடியாது. துப்பாக்கியை மேசைமேல் வேட்டி விரித்து வைத்திருந்தார்கள். குழல் வெள்ளிக் கூஜா மாதிரி மின்னியது. "ரெண்டு நாளு குந்திகினு எமரித் தாளு போட்டு தேச்சேன் சார். சூப்பரா கீதுல்ல?" என்றார் அண்ணன். மூர்த்தி குழலைத் தனியாகக் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டு, பென்சிலால் தட்டினான். மணிபோல ஓசை வந்தால் இரண்டு குழலையும் சேர்த்த ஒட்டு விடவில்லை என்று அர்த்தம். பிறகு ஒரு பக்கம் வெள்ளைத் துணியைப் பிடித்து மறு பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தான். கடைசியாகக் குழலின் வெளிப்பக்கத்தை விரலால் தடவி, ஓர் இடத்தில் நின்றான்.

"இந்த இரும்போட பழைய நிறம்தான் பாதி விலை. அதை நீங்க தேச்சு எடுத்துட்டீங்க. மீதிப் பாதியை உங்க ஆயுத பூசை எடுத்துடுச்சு. ஈரச் சந்தனத்தை இரும்பு மேல வெச்சா அடியில தண்ணி நிக்கும். வருசா வருசம் அதே இடத்துல வெச்சா குழி விழும். இதோ பாருங்க." தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க தாத்தா இத்த வெச்சு இன்னா இன்னா பண்ணிகீறாரு தெரியுமா சார்?" என்றார். "துப்பாக்கிக்குத்தாம்பா எனக்கு விலை போடத் தெரியும். தாத்தாவுக்கு விலை போடத் தெரியாது," என்றான் மூர்த்தி. அந்த வீட்டில் காபி வரவில்லை.

திரும்பும் வழியில் நான் கேட்டேன், "ஏன்டா, கொஞ்சம் ஏத்திச் சொன்னா உன் சொத்தா போயிடும்?" ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பதில் சொன்னான். "நான் ஏத்திச் சொன்னா, அந்த நெனப்புலயே பத்துக் கடை ஏறி இறங்குவான். எவனும் தர மாட்டான். பத்துத் தடவை நோகும். நான் உண்மையைச் சொன்னா ஒரே நாள்ல அழுது முடிச்சுடுவான்." இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறான். உங்களில் சிலருக்கும் இது மனப்பாடமாக இருக்கும். எனக்கும் மனப்பாடம்தான், அதுதான் வினையாகப் போயிற்று.

அவன் வீட்டிலேயே ஒரு துப்பாக்கி இருந்தது. அவன் மனைவி கஸ்தூரி காட்டுப்பாக்கத்துப் பெண், வீட்டுக்கு ஒரே மகள். அவளுடைய அப்பா ஏரிக்கரையில் நெல் போட்டவர், வேட்டைப் பிரியர். அவர் போன பிறகு துப்பாக்கியும் லைசென்ஸும் மருமகன் பெயருக்கு வந்தன. ஊரார் துப்பாக்கியையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவன், இதை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. "உன்னோடது என்னடா விலை போகும்?" என்று எத்தனையோ முறை சீண்டியிருக்கிறேன். "அது அவளுக்குச் சாமி. சாமிக்கு விலை கேக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று பேச்சை மாற்றிவிடுவான்.

காரியம் முடிந்த இரண்டாம் நாள் கஸ்தூரி போன் செய்தாள். "அண்ணா, லைசென்ஸ்காரரு இல்லாம துப்பாக்கிய ஊட்ல வெச்சிக்கக் கூடாதாம். கடக்காரரு திங்கக்கெயம வந்து எட்த்துகினு போறேன்றாரு. இன்னா வெல கேக்கணும்னு எனக்குத் தெரில. அவரு கீறப்ப நீங்களும் கூடவே போவீங்களே, ஒரு தபா பாத்து சொல்லுங்கண்ணா."

கோவில்பதாகையில் அவர்கள் இருப்பது மாடிப் போர்ஷன். குறுகலான படி, கைப்பிடி கிடையாது. கஸ்தூரிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குவாள். பிள்ளைகள் இல்லை. இத்தனை நாள் காய்கறி, மருந்து எல்லாவற்றுக்கும் மூர்த்திதான் ஏறி இறங்கினான். நான் போய் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள், "கீழ ஊடு காலியாவுதுண்ணா. ஊட்டுக்காரம்மா எனக்காக மாசக் கடசி வரைக்கும் வெச்சிகினு கீது. இத்த வித்தா அட்வான்சு குட்த்துடலாம். 'எனக்கப்புறம் உனக்கு இது ஒதவும், இது சாதாரணத் துப்பாக்கி இல்ல'ன்னு அவரு சொல்லிகினே இருப்பாரு." டார்ச்சையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

உறையைப் பிரித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே நல்ல துப்பாக்கி, சீமைச் சரக்கு. கட்டையில் ஒரு விரிசல் இல்லை. குழலைப் பிடிக்கும் பூட்டு ஆடவில்லை. தட்டினால் குழல் கோயில் மணிபோல ஒலித்தது. உள்ளே டார்ச் அடித்தால் கண்ணாடி. மாதம் தவறாமல் எண்ணெய் போட்டிருக்கிறான். மனதுக்குள் ஒரு நல்ல விலை வந்துவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் குழலைத் திருப்பினேன்.

குழலின் அடிமுனையில், தோட்டா வெடிக்கும் இடத்தின் வெளிப்புறத்தில், மூன்று சந்தனப் பொட்டு. போன ஆயுத பூசையில் வைத்தவை, காய்ந்து பாதி உதிர்ந்திருந்தன. ஒன்றை நகத்தால் சுரண்டினேன். சந்தனம் போன பிறகும் நகம் உள்ளே இறங்கியது. மூன்று இடத்திலும் அப்படியே. சுற்றிலும் எண்ணெய் பூசித் துடைத்த அடையாளம் வட்டமாகத் தெரிந்தது. பொட்டின் விளிம்புவரை துணியைக் கொண்டுவந்து, பொட்டைத் தொடாமல் விட்டிருக்கிறான். இத்தனை வருடமும் அப்படித்தான் செய்திருக்கிறான்.

அந்த இடத்தில் இரும்பு மெலிந்தால் அது துப்பாக்கி இல்லை. சுட்டால் சுடுபவன் கை போய்விடும். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடைக்காரனிடம் தனியாகப் பேசி, அட்வான்ஸுக்குத் தேவையானதை நான் புரட்டிக் கொடுத்து, துப்பாக்கி விற்ற பணம் என்று அவள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். பென்ஷன்காரன்தான், ஆனாலும் முடிந்திருக்கும். அதெல்லாம் பஸ் ஏறின பிறகுதான் தோன்றியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம் மூர்த்தியின் வார்த்தைதான். ஒரே நாளில் அழுது முடித்துவிடட்டும்.

"இது சுட ஆகாதும்மா. அடியில இரும்பை அரிச்சுடுச்சு. லைசென்ஸ் வெச்சிருக்கறவன் எவனும் வாங்க மாட்டான். கடைக்காரன் உதிரி பாகத்துக்கு எடுத்துப்பான். ஒரு கேஸ் அடுப்பு வாங்கற காசு வரும்," என்றேன்.

"எது அரிச்சிது?" என்றாள்.

துரு என்று சொல்லியிருக்கலாம். வயசான இரும்பு, மழைக்காலத்து ஈரம், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் "சந்தனம்" என்றேன். மண்ணூர்பேட்டையில் அவன் சொன்ன விளக்கத்தை வரி பிசகாமல் ஒப்பித்தேன். எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் அற்பப் பெருமை அதில் கொஞ்சம் இருந்தது, இப்போது யோசித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கஸ்தூரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழலை மடியில் வைத்து, மூன்று குழிகளின் மேலும் மூன்று விரல்களை வைத்தாள். சரியாகப் பொருந்தியது. "எங்கப்பா வெச்ச எடம். அவருக்கப்புறம் நானும் அதே எடத்துலதான் வெப்பேன். தொடைக்கக் கூடாது, தானா உதுரணும்னு எங்க ஊட்ல சொல்வாங்கோ," என்றாள். விரல்களை எடுக்காமலே கேட்டாள், "அவருக்கு இது தெரியுமாண்ணா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஊரெல்லாம் போயி சொன்னாரே. எங்கையில ஒரு வார்த்த சொல்லலியே. வருசா வருசம் நான் வெக்கறப்ப பக்கத்துலயே நின்னுகினு, கற்பூரத்த தொட்டு கண்ல ஒத்திகினாரே." அவள் அழவில்லை. அழுது முடித்துவிடுவாள் என்று நினைத்தது எவ்வளவு மடத்தனம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூர்த்திமேல் எனக்குக் கோபமும் வந்தது. ஊருக்கெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னவன், சொந்த வீட்டில் சொல்லப் பயந்து, இது உதவும் அது உதவும் என்று ஆசை காட்டிவிட்டுப் போய்விட்டானே என்று. அவன் பயந்தானா, அவள் பூசைக்காகத் துப்பாக்கியை விட்டுக்கொடுத்தானா, இனிமேல் யாரைக் கேட்பது?

திங்கட்கிழமை கடைக்காரர் வந்து எடுத்துப்போனார். நான் சொன்னதற்கும் குறைவாகத்தான் கொடுத்தார். கீழ் வீட்டுக்கு வேறு யாரோ குடி வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே, அட்வான்ஸை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வாணாண்ணா" என்றாள்.

போன வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு போனேன். மூர்த்தி படத்துக்குப் புது மாலை போட்டிருந்தாள், விளக்கு எரிந்தது. படத்தின் நெற்றியில் மட்டும் பொட்டு இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, பூசை அலமாரியில் சந்தனக் கிண்ணத்தைத் தேடினேன். அது இருக்கும் இடத்தில் இல்லை.

"கைய வெக்க மனசு வர்லண்ணா. நான் வெச்ச எடமெல்லாம் அரிச்சிட்டு கீதே," என்றாள்.

கிளம்பும்போது டார்ச்சை என் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சிகோங்க. எனக்கு இனிமே எதையும் பாத்து சொல்ல வாணாம்." நான் அந்தப் படியில் கைப்பிடி இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினேன். அவனிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த டார்ச் ஒன்றுதான். பென்சிலால் தட்டிப் பார்ப்பதிலிருந்து நெஞ்சில் அடித்தாற்போல விலை சொல்வதுவரை எல்லாவற்றையும் கூடவே போய்க் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு வீட்டில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. மூர்த்தி, இதற்கு என்னைத் திட்ட வேண்டியவன் நீ ஒருவன்தான். நீ இல்லை.