மடித்து வைத்துவிட்டுப் போனவர்

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், நீராவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடிக்கும் சலவைக் கூடத்தில், அவள் இருபத்திரண்டு வருஷமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. ஒரு படுக்கை விரிப்பை உதறி, நாலாக மடித்து, மேஜையில் தட்டி வைக்க அவளுக்கு எட்டே நொடி போதும். விளிம்போடு விளிம்பு ஒட்டி நிற்கும்.

“அண்ணி மடிச்ச துணி மேல எறும்பு நடந்தாக்கூட வழுக்கி விழும்” என்பாள் பக்கத்து மேஜையில் நிற்கும் நாத்தனார். கணவனின் தங்கையான அவளுக்கும் அங்கேதான் வேலை.

விரிப்புகளின் மூலையில் நூலால் ஓர் அடையாளத் தையல் இருக்கும். நீல நூல் என்றால் வார்டுக்கு. சிவப்பு, ஆபரேஷன் தியேட்டருக்கு. கறுப்பு நூல், இறந்தவர்களைப் போர்த்தி அனுப்ப. அந்தக் கறுப்பு நூலைக் கண்டால் போதும், மடிப்பக்கா இரண்டே விரலால் பிடித்து நாத்தனார் பக்கம் தள்ளிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் மடித்ததில்லை.

“துவைச்சு, கொதிக்க வச்சு, இஸ்திரியும் போட்டு வந்திருக்கு. கடிக்கவா போகுது?”

“கடிச்சாக்கூடப் பரவாயில்லடி. நீயே மடி.”

அந்தப் பயத்துக்கு ஒன்பது வயதில் விதை விழுந்தது. செத்துப்போன அம்மாவை முகம் மூடிக் கிடத்தியிருந்த அறைக்குள், “போய்ப் பாரு” என்று யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். ஜன்னல் காற்றில் விரிப்பு அசைந்தது. அம்மா மூச்சு விடுகிறாள் என்று ஆசையோடு ஓடிப்போய்த் துணியை விலக்கினாள். விலக்கிய பிறகு பார்த்ததை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து போர்வை கழுத்துக்கு மேல் ஏறினால் மூச்சு முட்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள், பாட்டில் அவள் குரல்தான் ஓங்கிக் கேட்கும். ஆனால் அடக்க ஆராதனை என்றால் வாசலோடு சரி. மாமியார் செத்த அன்று, கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு சமையலறையிலேயே நின்றுவிட்டாள். பரலோகம் உண்டென்று நம்பினாள். அதற்குள் போகிற வாசலைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

அவள் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். மூன்றாவது மாடி உயரத்தில், ஆடும் சாரத்தில் நின்றுகொண்டு விசிலடிக்கிற மனுஷன். அன்று காலையும் செருப்பை மாட்டிக்கொண்டே சீண்டினார்.

“நான் செத்தா நீ வாசல்ல நின்னு டாட்டா காட்டுவியா, இல்ல உள்ள வருவியா?”

“வாயக் கழுவுங்க மொதல்ல! வேலைக்குக் கிளம்பும்போது பேசற பேச்சா இது?”

“சரி, சரி. உன்கிட்ட பெர்மிஷன் வாங்கிக்கிட்டே சாவறேன். போதுமா?”

சிரித்துக்கொண்டே போனார்.

அன்று அழுக்குத் துணி பிரிப்பவள் விடுப்பு. அதனால் மடிப்பக்காவே கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பு மேஜைக்குப் போனாள். பதினொரு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து ஒரு மூட்டை வந்தது. அவிழ்த்தாள். விரிப்பு, தலையணை உறை, இன்னொரு விரிப்பு. அடுத்து ஒரு சட்டை.

நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுக்கும் துணியைத் தனிப் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பதுதான் வழக்கம். அவசரத்தில் யாரோ மூட்டைக்குள் போட்டுவிட்டார்கள். இடுப்பிலிருந்து காலர் வரை கத்தரியால் நேராக வெட்டிய சட்டை. வெளிர் மஞ்சள். தோளில் காய்ந்த பெயின்ட் சொட்டுகள். மற்றதெல்லாம் ஈரம், சிவப்பு.

நான்காவது பொத்தான் மட்டும் பச்சை.

அதே நிறப் பொத்தான் கிடைக்காமல், போன வாரம் அவளேதான் அந்தப் பச்சைப் பொத்தானைத் தைத்தாள். “நெஞ்சுல பட்டாணி முளைச்ச மாதிரி இருக்குடி” என்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாரே!

அவள் அலறவில்லை. அதுதான் பயங்கரம். சட்டையை மேஜையில் விரித்தாள். வெட்டுப்பட்ட இரண்டு பாதிகளையும் இழுத்துச் சேர்த்தாள். கைகளை உள்ளே தள்ளினாள். கீழ்ப்பக்கத்தை மேலே தூக்கினாள். ரத்தம் சொட்டும் சட்டையைக் கடையில் அடுக்கும் புதுச் சட்டையைப்போல் மடித்தாள்.

“என்னண்ணி, துவைக்காத துணியப் போய் மடிக்கிறீங்க?” என்று சிரித்தபடி திரும்பிய நாத்தனார், பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். கூடம் அதிர ஒரு சத்தம் கேட்டது. அது நாத்தனாரின் குரல்.

படியேறியது எப்படி என்று மடிப்பக்காவுக்கு நினைவில்லை. மேலே, மூடிய திரைக்கு வெளியே, ஒரு டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

“சாரம் சரிஞ்சு விழுந்துட்டாரும்மா. உள்ள ரத்தம் நிக்கல. ஆபரேஷன் தாங்கற நிலைமை இல்ல. நினைவு இருக்கு, உங்களத்தான் கேக்கறாரு. கொஞ்ச நேரந்தான் இருக்கு. போய்ப் பாருங்க.”

போய்ப் பாரு. ஒன்பது வயதில் கேட்ட அதே வார்த்தை! கால்கள் தரையில் அறைந்தாற்போல் நின்றுவிட்டன.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “அவ வந்துட்டாளா சிஸ்டர்? எனக்குப் பயமா இருக்கு.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயமா? அவருக்கா?

“அண்ணி, போங்க!” நாத்தனார் அவள் முதுகில் கை வைத்தாள். “நீங்க வாசல்லயே நின்னா எங்கண்ணன் தனியாப் போயிடும் அண்ணி!”

அவள் குனிந்து பார்த்தாள். மடித்த சட்டை இன்னும் மார்போடு இருந்தது. விளிம்போடு விளிம்பு ஒட்டி.

வருஷந்தோறும் ஏசு உயிர்த்தெழுந்த ஞாயிறன்று சர்ச்சில் வாசிப்பார்களே, அவருடைய காலியான கல்லறை. உள்ளே கிடந்த துணிகள். தலையில் சுற்றியிருந்த துணி மட்டும் தனியே மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். ஒரு முறை அவள் கணவரை இடித்து, “யாருங்க மடிச்சிருப்பா?” என்று கேட்டாள். “உன்ன மாதிரி ஒரு ஆளு. பேசாம கவனி” என்று அவர் கிசுகிசுத்தார்.

மடித்தது யார்? திருட வந்தவன் மடிக்க மாட்டான். பயந்து ஓடுகிறவனும் மடிக்க மாட்டான். அவசரமில்லாதவர்தான் மடிப்பார், இது இனி எனக்கு வேண்டாம் என்று எழுந்துபோகிறவர். இருபத்திரண்டு வருஷம் மடித்த கைக்கு இது தெரியாதா? அந்தத் துணிக்குள் ஒருவர் மெய்யாகவே செத்துக் கிடந்தார். அவள் வெளியிலிருந்து விலக்கிப் பார்த்து மிரண்ட அதே துணியை, அவர் உள்ளேயிருந்து விலக்கியிருக்கிறார்!

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. “சட்டைய வெட்டிட்டாங்கடி. உன் பட்டாணி...”

“இருக்குங்க. பாருங்க, மடிச்சு வச்சிருக்கேன்.”

“வெட்டின சட்டையவா? பைத்தியக்காரி.” அவள் பக்கம் தலையைத் திருப்பினார். “பயமா இருக்குடி. இத்தனை நாளா விளையாட்டாப் பேசிட்டேன்.”

அவள் அவர் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விடவில்லை.

“நீங்க போற வழியில ஏசப்பா முன்னாடியே போயிட்டாருங்க. செத்து, எழுந்து, சுத்தின துணிய மடிச்சு வச்சுட்டு வெளிய வந்துட்டாரு. பயந்தவங்க யாரும் மடிக்க மாட்டாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது. இது தெரியும்.”

அவர் அவளையே பார்த்தார். சாவு வந்து நின்றதைவிட, அவள் வந்து நின்றது அவருக்குப் பெரிய திகைப்பாக இருந்தது.

“நீயாடி பேசற?” என்றார். பிறகு, “நல்லா மடிச்சிருப்பாரா? உன்ன மாதிரி?”

“என்னவிட நல்லா.”

“அப்ப சரி.” கண்ணோரத்தில் பழைய குறும்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது. “பெர்மிஷன் குடு.”

அவள் பிடியை இறுக்கினாள். ஆனாலும் சொன்னாள்.

“போங்க. அவர் கையக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. நான் மெதுவா வரேன்.”

கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் தளர்ந்தன.

சிஸ்டர் கறுப்பு நூல் தைத்த விரிப்போடு வந்து, “நீங்க வெளிய இருங்கம்மா” என்றார். மடிப்பக்கா கையை நீட்டி வாங்கினாள். உதறினாள். கால், இடுப்பு, மார்பு என்று போர்த்திக்கொண்டே வந்தாள். கழுத்தருகில் வந்ததும் நின்றாள். அந்தப் பழைய நடுக்கம் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெற்றியில் முத்தமிட்டு முகத்தையும் மூடினாள். அப்போதும் வரவில்லை. திகைத்துப்போய் நாத்தனாரைப் பார்த்தாள்.

“எங்கடி போச்சு?”

“எது அண்ணி?”

“என் பயம்...” என்றவள் அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற அழுகை. அதில் துக்கம் இருந்தது. துக்கம் மட்டுமே இருந்தது.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து கறுப்பு நூல் விரிப்புகள் எல்லாம் அவள் மேஜைக்கே வந்தன. மேல் விளிம்பை, முகத்துப் பக்கம் வருகிற இடத்தை மட்டும், ஒரு விரல் அகலத்துக்குத் தனியாகத் திருப்பி மடித்தாள். மேற்பார்வையாளர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“இது என்னம்மா புது மடிப்பு? எதுக்கு?”

“உள்ள இருந்து விலக்கறதுக்குச் சௌகரியமா இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த விரிப்பை உதறினாள்.